வாய்வரை நிரம்பிய சாடி

மண்ணுக்குள் கழுத்துவரை புதைந்திருந்த பெருஞ்சாடியின் மூடியை விலக்கி, மண்டியிட்டுக் கையை நீட்டிய தெக்லேயின் விரல்களை நுரை உடனே தொட்டுவிட்டது. அவள் திடுக்கிட்டாள். நேற்று மாலை மூடிவிட்டுச் சென்றபோது திராட்சைச் சாறு பாதிக்குச் சற்று மேலேதான் நின்றது. எவ்வளவு பொங்கினாலும் ஓர் இரவில் அது விளிம்புவரை ஏறாது.

தோல்களுக்கிடையே துழாவி, சரியாக மிதிபடாத ஒரு குலையை வெளியே எடுத்தாள். அவளுடைய தோட்டத்துத் திராட்சை சிறுத்தது, தடித்த தோலுடையது. குலையில் இடைவெளி விட்டுத்தான் காய்க்கும். இதுவோ ஊதிப் பெருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தது. காம்பின் மடிப்பில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். மருந்து. பழம் அழுகாமலிருக்க அறுவடைக்குச் சற்று முன்புகூட மருந்து அடிக்கும் ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர்தான். பக்கத்துத் தோட்டத்து ஜும்பெர். தெக்லே துப்பினாள். மறுபடியும் துப்பினாள். கசப்பு போகவில்லை.

கொடிகளின் மேல் ஒரு துளி நஞ்சும் படாமல் மூன்று கோடைகளைக் கடந்திருந்தாள். விளைச்சல் சுருங்கச் சுருங்கச் சந்தையில் கேலி பெருகியது. நாளை தலைநகரிலிருந்து இயற்கை வேளாண்மைச் சான்று தருபவர்கள் வருகிறார்கள். தோட்டத்தை அவர்கள் முன்பே பார்த்தாயிற்று, சாடியில் இருப்பது அந்தத் தோட்டத்துப் பழம் மட்டுமே என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டியது ஒன்றுதான் மீதி. இந்த ஆண்டின் ஒயின் முழுவதும் இந்த ஒரு சாடிதான்.

அப்பா ஸவுர் சாடியறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் திருட்டுப் புன்னகை.

"ஜும்பெர் மாமாவோட பழத்த இதுல யாரு கொட்டினது?"

"ஏம்மா காலங்காத்தால மொறைக்கிற? அவனேதான். கூடை கூடையா சுமந்துட்டு வந்து மிதிச்சு ஊத்தினான், பாவம், இடுப்பு வலியோட. நான் கேக்கக்கூட இல்ல."

"நீங்க தடுக்கலையா?"

"எப்படித் தடுக்கிறது? அரைச் சாடிய மூடி வெச்சா காத்துப் புகுந்து வெறும் காடிதான் மிஞ்சும்."

"சின்ன சாடிக்கு மாத்தறேன்னு சொன்னேனேப்பா."

"சின்ன சாடியா? நம்ம வீட்ல விளைச்சல் செத்துப்போச்சுன்னு நாமளே தண்டோரா போடணுமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்துல நீ மருந்து அடிக்கல. அது சத்தியம். மிச்சத்த சாடி போய்ச் சொல்லிடப் போகுதா?"

சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். விருந்தாளியின் முன் வெறுந்தட்டை வைப்பதும், அயலானின் சாடி குறைந்திருக்கப் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஊரில் ஒரே அளவு பெரிய இழிவுகள் என்பது தெக்லேக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணடிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. அதைவிடப் பொறுக்க முடியாதது இன்னொன்று: ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'ஆமாம், சாடி சொல்லாதுதான்' என்று அவளும் நினைத்துவிட்டாள்.

நண்பகலில் முற்றத்து வாதுமை மரத்தடியில் அறுவடை விருந்து. ஆட்டுக்கொழுப்பு தட்டுகளில் உறைந்து வெளுத்துக்கொண்டிருந்தது. விருந்தின் தலைவராக ஜும்பெரே அமர்ந்து, ஒவ்வொரு வாழ்த்துக்கும் கோப்பையைக் காலி செய்தார். மீசையில் எண்ணெய் மின்னியது. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் வெறுப்பது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

"சுத்தமான மண்ணுக்கு!" என்று எழுந்தார் ஜும்பெர். "நம்ம தெக்லேவோட கொடியெல்லாம் ஒல்லிக்குச்சி. ஆனா பாருங்கய்யா, சாடி மட்டும் நெறமாசக் கர்ப்பிணி!"

மேசை அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார், தட்டைப் பார்த்தபடி.

"பதில் வாழ்த்து நீ சொல்லு புள்ள," என்று ஜும்பெர் கொம்புக் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

தெக்லே எழுந்தாள். வாழ்த்தைக் கதையாகச் சொல்வது அங்கே வழக்கம்.

"ஒரு கரடிக்கும் தேனீக்கும் சிநேகம். மழையில்லாத வருஷம், தேனடை பாதிதான் நெறஞ்சுது. கரடிக்கு மனசு பொறுக்கல. தேனீ தூங்கறப்போ ஆத்தங்கரைக்குப் போய், கை கையா சேறு அள்ளிட்டு வந்து அடைய ரொப்பிடுச்சு. விடிஞ்சதும் 'பாத்தியா, நெறஞ்சிருச்சு'ன்னு பல்லக் காட்டிட்டு நின்னுச்சாம்."

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஜும்பெர்தான். "அடடா! அப்புறம் தேனீ என்ன பண்ணுச்சு?"

"அது இன்னும் முடிவாகல மாமா."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தெக்லே நிரம்பிய கொம்பை ஒரு வாய்கூடக் குடிக்காமல், பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சாடியறைக்குள் போனாள். பின்னால் யாரோ, "வாழ்த்துச் சொல்லிட்டுக் குடிக்காம போறாளே, என்ன பழக்கம் இது?" என்று கேட்டது காதில் விழுந்தது.

நீண்ட காம்புள்ள அகப்பையை அவள் நுரைக்குள் அமிழ்த்தினாள். மேலே மிதந்த தோல்கள் கையில் வழவழத்தன. அவளுடைய பழம் எது, அவருடையது எது என்று இனி எந்தக் கடவுளாலும் பிரிக்க முடியாது. சுத்தமானதும் சேர்ந்தே போகத்தான் வேண்டும். வாளியை நிரப்பினாள். வாசலுக்கு வந்து முற்றத்தில் கவிழ்த்தாள். திரும்பிப்போய் மறுபடி நிரப்பினாள்.

கருஞ்சிவப்புச் சாறு சரிவைப் பிடித்து மேசையின் கால்களுக்கிடையே ஓடியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். காலணி நனையாமலிருக்க ஒருவர் கால்களைத் தூக்கிக்கொண்டார். அப்பா எழுந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

சாறு வேலியோரம் குட்டையாகத் தேங்கியது. சந்தில் திரிந்த பன்றிகள் மணம் பிடித்து வந்துவிட்டன. முன்னால் வந்த பன்றி மூக்கை அதில் அமிழ்த்தி நிமிர்ந்து, சிவந்த முகவாயோடு மேசையைப் பார்த்தது. பிறகு கண்களை மூடிக்கொண்டு சுகமாக உறிஞ்சத் தொடங்கியது. ஜும்பெரின் கையிலிருந்த கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவே அப்படியே நின்றது. அவர் காலடியில் அடுத்த வாளியின் நுரை வந்து சுழன்றது.