பத்தடி தூரம்

சவ வண்டி கேட்டுக்கு வெளியே நின்று இரண்டாவது முறையாக ஹாரன் அடித்தது. உள்ளே வர வழியில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்றது செத்தவரின் கார்.

"அந்த எண்ணெய்ச் சட்டியை யாராவது நகர்த்துங்கப்பா," என்றார் பெரியப்பா. "நேத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகல, இன்னிக்கு வழியும் விடமாட்டேங்குது."

சாவி தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. கூடத்தில் அத்தான் கிடந்தார், தலைமாட்டில் அவர் மனைவி, அவனுடைய அக்கா. அவளைத் தாண்டி வருவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"தள்ளிடலாமே, பெரியப்பா."

"ஷெட் வரைக்கும் ஏத்தம்டா. யாரு இடுப்பை ஒடிச்சுக்கறது? கிளம்புதான்னு பாரு."

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தம்பி பிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். இருவருக்கும் சேர்த்து ஒரே பைத்தியம், இந்தப் பழைய இரண்டு கதவு கார். இதற்குப் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர் உள்ளே சுற்றும், எண்ணெயும் குடிக்கும். டர்போ மாட்ட வசதி இல்லாததால் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் கைக்கு எட்டியதை வைத்தே வேகத்தைத் தேடினார்கள். பின் சீட்டைக் கழற்றினார்கள். உடைசல் கடையில் அலைந்து இலேசான சக்கரங்கள் வாங்கினார்கள். போன வாரம் வேறொரு காரின் சைலன்சரை வெட்டி வெல்டு வைத்து மாட்டியிருந்தார்கள். "எடையைக் குறைக்கணும்னா முதல்ல ரெண்டு பேரும் தொப்பையைக் கழட்டி வைங்க," என்பாள் அக்கா.

அந்த இன்ஜினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளிர்ந்த நிலையில் கிளப்பினால் சூடாகும்வரை அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே பெட்ரோல் நிறைந்துவிடும். பிறகு சாவியை எத்தனை முறை திருப்பினாலும் அசையாது. "பத்தடி நகர்த்தினாலும் பத்து நிமிஷம் ஓடட்டும்." சாப்பாட்டு மேசையில்கூட அத்தான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

நேற்றுக் காலை தம்பி வந்தபோது அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். ஷெட் இருட்டில் புது சைலன்சர் போட்டோவில் சரியாக விழவில்லை. காரைப் பத்தடி இறக்கி வெயிலில் நிறுத்தி, நாலு படம் எடுத்தான். பக்கத்து வீட்டில் சத்தத்துக்குத் திட்டுவார்கள், ஒரு தடவைதானே என்று அணைத்தான். தெரியாமல் செய்யவில்லை.

அரை மணி கழித்து அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். தூக்கிவந்து காரில் உட்காரவைத்து அவன் சாவியைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான். பெட்ரோல் வாடைதான் வந்தது.

"ஷெட்லதானே நின்னுச்சு?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

அவன் மறுபடியும் சாவியைத் திருப்பினான். அதற்குப் பிறகு அத்தான் எதுவும் கேட்கவில்லை. தெருக்கோடி பேக்கரிக்காரரின் வேன் வர இருபது நிமிடம் ஆனது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் செத்தவரையே குறை சொன்னார்கள். ஓட்டை வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு அதனாலேயே போய்விட்டாராம். "அவர் புத்தி அப்படி," என்று பெரியப்பா சொன்னபோது தம்பி "ஆமா" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது அவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். இரவெல்லாம் நின்றதில் உள்ளே இருந்த பெட்ரோல் காய்ந்திருந்தது. முதல் திருப்பிலேயே கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாருங்கய்யா அநியாயத்தை," என்று பெரியப்பா தலையில் கை வைத்தார்.

தம்பி காரைப் பின்னால் எடுத்தான். எண்ணெய் சொட்டுவதற்காக அத்தான் ஷெட்டில் விரித்திருந்த அட்டைப்பெட்டித் துண்டு நேற்றிலிருந்து அப்படியே கிடந்தது. அதன்மேல் கார் ஏறி நின்றது. சரியாகப் பத்தடி. சவ வண்டி உள்ளே வந்தது.

"அணைச்சிட்டு வாடா, தூக்கணும்," என்றார் பெரியப்பா.

அவன் கை சாவிக்குப் போனது.

"அணைக்காதே."

அக்கா கூடத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். கதவின்மேல் கை வைத்துக் குனிந்தாள். "சூடாகட்டும்."

"அக்கா, நேத்து நான்தான்..."

"சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்தேன்." அவள் குரல் இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "அப்பவே கத்தியிருக்கணும். கையெல்லாம் சோப்பு. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, அத்தான் உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா இது, எல்லாரும் காத்திருக்காங்க," என்று பெரியப்பா கண்ணாடியைத் தட்டினார்.

"வந்துடறோம், பெரியப்பா. பத்து நிமிஷம்."

இருவரும் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் கீழேயே கிடந்தது.