பட்டியல் அக்காவின் வெப்சைட்டும் நான்காவது கையும்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "நம் புதிய வெப்சைட் உருவான விதம், இருநூறு சொல்லுக்குள்" என்று ஒரு தொண்டு நிறுவனம் என்னிடம் கட்டுரை கேட்டது. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவுசெய்து அனுப்பும் நிறுவனம் அது. சனிக்கிழமைகளில் அங்கே போய் வாசிப்பவர்களில் நானும் ஒருவன்.

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்த அந்த" … வேண்டாம். மழையும் இல்லை, அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "இன்றைய தகவல் யுகத்தில் தொண்டு நிறுவனங்களின் பங்கு" … இதைப் படிக்க நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்?

சரி, பட்டியல் அக்காவிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

பட்டியல் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. புதிதாகப் பதிவான புத்தகங்களை ஒன்பது வருடமாக வெப்சைட்டின் பட்டியலில் ஏற்றுகிறவர் அவர்தான்; பெயரும் அப்படி வந்ததுதான். திரையில் இருப்பதை அவருடைய கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும், கேட்டுக்கொண்டே தட்டுவார். ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழும் சொந்தமாக ஒரு வரி சேர்ப்பார். என் முதல் புத்தகத்துக்கு அவர் போட்டது: "வாசிப்பவர் குரல் கரகரப்பு. நாலாம் அத்தியாயத்துக்குள் பழகிவிடும்."

அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என் குரலைக் கேட்க வந்தவர்கள் ஏராளம். அதற்கு முன் யாருமற்ற அறையில் சுவரைப் பார்த்து வாசிக்கிறோம் என்றே நினைத்திருந்தேன். என் குரலுக்குக் காதுகளைத் தேடிக் கொடுத்தவர் அக்கா. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

(சந்தேகம்: அவர் மனசுக்குள் புகுந்து எழுத எனக்கு என்ன உரிமை? பதில் தெரியவில்லை. புகுந்துவிட்டேன்.)

3

பழைய வெப்சைட் வாரத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொண்டது. புதிதாக ஒரு மென்பொருள் வேண்டும்: புத்தகம், படம், அறிவிப்பு எல்லாவற்றையும் அலுவலகத்தில் இருப்பவர்களே ஏற்றி மாற்றிக்கொள்ளும்படி. தேர்ந்தெடுக்க ஆறு பேர் குழு. தலைவர், செயலாளர், அலுவலகத்தார் இருவர், அக்கா, நான்.

மூன்று மென்பொருள்கள் இறுதிப் பட்டியலுக்கு வந்தன. முதலாவதைக் காட்ட வந்த விற்பனையாளர் திரையில் வண்ணங்களை வாரி இறைத்தார். "இழுத்து விட்டா போதும் சார். சின்னக் குழந்தைகூடப் பண்ணிடும்."

"அருமை" என்றது தலைவரின் குரல். "பிரமாதம்" என்றது செயலாளருடையது. அலுவலகத்தாரில் ஒருவர் "அடேங்கப்பா" என்றார். அக்கா மூன்றையும் காதில் வாங்கிக்கொண்டார். தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து, ஹெட்போனைப் பிடுங்கினார். அறை முழுக்கக் கேட்டது.

"பட்டன். பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். பட்டன்."

"இதுல எது சேமிக்கிறது, எது அழிக்கிறது?" என்று கேட்டார் அக்கா.

"மேடம், பார்வையில்லாதவங்க தாராளமாப் படிக்கலாம். எல்லா வசதியும் இருக்கு."

"படிக்கலாம் சரி. எழுதறது?"

விற்பனையாளர் அடுத்த வண்ணப் பக்கத்துக்குத் தாவினார். தலைவர் இடையில் புகுந்தார். "அதுக்கென்னம்மா, நீங்க சொல்லுங்க. யாராவது ஏத்திடுவாங்க."

அந்த 'யாராவது' அக்காவின் வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருடமாக அந்த யாராவது அவர்தானே! இனி ஒருவர் பக்கத்தில் நின்று, கெஞ்சி, காத்திருந்து, தன் வரியைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் என்ன வரி என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

4

ஓட்டெடுப்பு. கை தூக்கச் சொன்னார் தலைவர், பார்வையில்லாத ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு! அடப்பாவமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. "முதல் மென்பொருளுக்கு நாலு கை" என்று அறிவித்தார்.

அக்கா கணக்குப் போட்டார். குரல் கேட்டவை மூன்று. நான்காவது கை யாருடையது?

[கோடு போட்டு அடித்த வாக்கியம்: "அது என் கை. அழகாக இருந்தது, தூக்கிவிட்டேன். அக்காவுக்குத் தெரியாதென்ற தைரியம்தான்."]

அது யார் கை என்று அக்கா யாரிடமும் கேட்கவில்லை. "மூணையும் ஒரு வாரம் சும்மா தர்றாங்களே, தட்டிப் பாக்கறேன். எதுலயும் முடியலன்னா நானே ஒதுங்கிக்கறேன்" என்றார்.

"குடுக்கலாமே" என்று முதலில் சொன்னது நான். (இதை அடிக்கவில்லை, கவனித்தீர்களா?)

இரண்டாவது மென்பொருளும் காலைவாரியது. மூன்றாவது பார்க்க வெறும் மொட்டைச் சுவர். ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அக்கா எல்லார் முன்னாலும் இரண்டே நிமிடத்தில் ஒரு புத்தகத்தை ஏற்றி, தன் வரியையும் சேர்த்து வெளியிட்டார். தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. இதையே வெச்சுக்கலாம்." மூன்று மாதத்தில் பழைய புத்தகங்கள் அத்தனையும் புது இடத்துக்குக் குடிவந்தன.*

* இங்கேயே முடித்திருந்தால் நல்ல கட்டுரை. தலைவருக்கும் பிடித்திருக்கும்.

5

சரிபார்க்கச் சொல்லி வரைவை அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் போன்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா என் வயித்த யாரும் பிசையல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு."

"மாத்திடறேன் அக்கா."

"அப்புறம், அந்த நாலாவது கை உங்களோடதா?"

"அதை… அதை அடிச்சிட்டேனே!"

"கோடு போட்டா என் காதுக்கு எப்படித் தம்பி கேக்கும்? நீங்க அடிச்சது எல்லாத்தையும் சேத்துத்தான் கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டுச்சு. மழையையும் சேத்து."

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஆமாக்கா. என் கைதான்."

அக்கா சொன்னார்: "குடுக்கலாம்னு மொதல்ல சொன்னதும் உங்க குரல்தான். அந்த நன்றி எனக்குக் குறையல. அதுக்காக இந்தக் கை இல்லன்னு ஆயிடாது. ரெண்டும் இருக்கட்டும்."

6

ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான்காவது கை யாருடையதென்று தெரியாமலே போகிறது; நான் நல்லவன். மற்றதில் எல்லாம் நடந்தபடி. இரண்டையும் அக்காவுக்கே அனுப்பி, வேண்டியதை வைத்து மீதியை நீக்கச் சொல்லிவிட்டேன். வெளியிடும் உரிமை அவருடையது. இனி யாராவது ஏற்ற வேண்டியதில்லை. வயிற்றைப் பிசைந்த வரியையும் நான் மாற்றவில்லை; வைப்பதா நீக்குவதா என்பதை அவருக்கே விட்டுவிட்டேன்.

அவர் எதை வெளியிட்டாலும் நான் போய்ப் பார்க்கப் போவதில்லை. தைரியம் இல்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்களே பாருங்கள். என் கை இதில் இருக்கிறதா? அதற்குக் கீழே அக்கா ஏதாவது ஒரு வரி போட்டிருக்கிறாரா?