பேர் தெரியாத பிள்ளை

படத்தில் கட்டிடம் வெடித்தால் மற்ற ஊரில் விசிலடிப்பார்கள். சிவகாசித் தியேட்டரில் பாதிப் பேர் கை தன்னால் போனைத் தேடும். சத்தம் திரையிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தாலும், வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசினால்தான் படபடப்பு அடங்கும். அன்றைக்கும் அப்படித்தான். பாண்டிமீனா மட்டும் போனைத் தொடவில்லை. அவள் கூப்பிட வேண்டிய அம்மா பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய் ஆறு வருசமாகிறது.

அது ஒரு டப்பிங் படம். காமிக்ஸ் புத்தகத்தில் ஊரையே கொளுத்தும் வில்லன் எப்படி வில்லனானான் என்று முழுக்க முழுக்க அவன் கதை. அப்பன் அடித்தான், முதலாளி ஏய்த்தான், ஊர் சிரித்தது. கடைசியில் ரயில் நிலையத்துக்கே வெடி வைத்துவிட்டான். கூட வந்த யோகேஸ்வரி துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள்.

"பாவம்டீ அவன். எம்புட்டு அடி வாங்கியிருக்கான்!"

"பாவமா? அந்த ஸ்டேசன்ல ஒருத்தி வெளக்குமாத்தால தரையக் கூட்டிக்கிட்டு நின்னாளே, அவ பேரு என்னடி?"

"அவளுக்கு ஏதுடி பேரு? சும்மா வந்துட்டுப் போறவ."

"அதான். கொன்னவனுக்கு ரெண்டரை மணி நேரம். செத்தவளுக்கு ஒரு பேருகூடக் கெடையாது. நல்ல நியாயம்டி இது!"

விளக்கு எரிந்தது. பாண்டிமீனா எழுந்து திரும்பினாள். கடைசி வரிசையில் முத்துக்கருப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எம். புதுப்பட்டியில் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன். "லோடு நிக்குது, கைய வேகமா ஓட்டுங்க" என்று விபத்து நடந்த அன்றைக்கு விரட்டியவர். முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். இவர் ஜெயிலுக்குப் போய்வந்தார். இவரை விரட்டியது முதலாளிதான் என்பது பாண்டிமீனாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அம்மா காதில் கேட்ட குரல் இவருடையதுதானே. இவர் எதிரே வந்தால் அவள் தெரு மாறிப் போவாள். இப்போது பாருங்கள், மனுசன் வில்லனைச் சாக்கிட்டுத் தனக்காக அழுகிறார்!

"வேண்டாம்டீ" என்று யோகேஸ்வரி பிடித்த கையை உதறிவிட்டு நேரே போய் நின்றாள்.

"உங்க கதையத்தான் படமா எடுத்துட்டானுகளோ? நல்லா அழுங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டு அழுங்க. அன்னைக்குச் செத்தவுக பேராவது ஞாபகம் இருக்கா?"

அவர் துண்டை இறக்கினார். எழுந்து நின்றார்.

"பத்திரகாளி" என்றார். அது இவள் அம்மா. "முருகம்மா. பொன்னுத்தாயி. மாரிச்சாமி." மூச்சு வாங்கினார். "வேல்விழி."

"வேல்விழியா? அது யாரு?"

"அஞ்சாவது ஆளு தாயி. வெளியூருப் பிள்ள, அன்னைக்குத்தான் மொத நாளு. உங்கம்மா பக்கத்துல எடம் இருந்துச்சு. நாந்தான் அங்கன உக்காரச் சொன்னேன்."

பாண்டிமீனா ஒவ்வொரு வருசமும் அம்மாவுக்குப் படைக்கும்போது கூடச் செத்தவர்களுக்கும் சேர்த்து இலை போடுவாள். நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கடைசி இலைக்கு மட்டும் "அந்தப் புதுப்பிள்ளை" என்று சொல்லிக் கும்பிடுவாள். அதற்கு என்ன பேர் என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை! படக்காரனை ஏசிய ஏச்செல்லாம் தன் தலையிலேயே வந்து விழுந்தது.

"எந்த ஊரு அது?" குரல் இறங்கியிருந்தது.

"விஸ்வநத்தம். அம்மாக்காரி மட்டும் இருக்காக. நான் ரெண்டு மூணு தரம் போனேன். கதவத் தெறக்கல. எனக்குத் தெறக்க வேண்டாந்தான்."

அவரை மன்னித்தாளா என்றால், இல்லை. வெளியே வந்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு விஸ்வநத்தம் பஸ் ஏறினாள். கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்தே கேட்டது குரல்.

"வேல்விழி பக்கத்துல உக்காந்திருந்தவ மக."

தாழ்ப்பாள் விலகியது.