பூலாவ் பெசாருக்கு முந்தின நாள் சமையல்

சீதாவின் இடது காது கேட்காமல் போனது உப்பால்தான். கறியில் உப்பு குறைந்துவிட்டதென்று அவள் புருஷன் ஜெயபாலன் இரும்புக் கரண்டியை ஓங்கினான். அடி காதோடு விழுந்தது. அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துவிட்டவள் நான். மலாக்கா காஜா பெராங்கில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவன் அடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும், நான் அவனைத் திட்டுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கும். எனக்கு வாய் நீளம். தெருத் தெருவாக இடியப்பம் விற்கிறவளுக்கு அதுவும் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, நாடே லீவு என்று சொன்னதும் குழாயடியில் எங்களுக்கெல்லாம் கால் பரபரத்தது. பண்டார் ஹிலிர் மைதானத்துக்குப் போகலாம் என்றாள் ஒருத்தி. அங்கே போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க முடியும் என்றேன். சிங்கப்பூர் என்றாள் இன்னொருத்தி. அவள் புருஷனுக்குப் பக்கத்திலிருக்கிற கிளேபாங் கடற்கரைக்குப் பஸ் ஏறவே மனசு வராது. கடைசியில் நான்தான் பூலாவ் பெசார் தீவைச் சொன்னேன்.

என் புருஷன் கருணாகரன் மளிகைக்கடை முகைதீன் பாயிடம் மூட்டை தூக்குகிறவர். தீவில் இருக்கிற அவுலியா அடக்கத்தில், அந்த முஸ்லிம் மகானின் சமாதியில், கந்தூரி விருந்து போட பாயின் மோட்டார் படகு அரிசியும் ஆடும் ஏற்றிக்கொண்டு எப்படியும் போகும். மூட்டைகளுக்கு நடுவே நாங்களும் உட்கார்ந்துகொண்டால் கூலி கேட்க மாட்டார். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த மரவள்ளி எல்லாம் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது. தேங்காய் அங்கேயே விழுந்து கிடக்கும், துருவியை மட்டும் எடுத்துப்போனால் போதும். குடிக்கக் கிணற்றுத் தண்ணீர், படுக்க மர நிழல், பிள்ளைகள் விளையாட மணல். சீமைத் துரைகூட இவ்வளவு மலிவாகவும் சொகுசாகவும் ஒரு தீவுக்குப் போயிருக்க மாட்டான். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது.

சீதா வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

“அக்கா, நா கடல்ல கால வெச்சதே இல்லக்கா.”

“மலாக்காவுல இருந்துக்கிட்டா?”

“அவரு விட்டாத்தானே. எனக்குத் தீவுகூட வேணாங்கா. ஒரே ஒரு நாளு, வெடிஞ்சதிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் யாரும் என் மேல கை ஓங்காம இருந்தாப் போதும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். உன்னை எப்படியும் கூட்டிப்போகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

சாயங்காலமே விஷயம் ஜெயபாலன் காதுக்குப் போய்விட்டது. “பொண்டாட்டி தனியாத் தீவுக்குப் போறாளாம். நானும் வரேன், பாக்குறேன்!” என்று கத்தினான். பிறகு பலகைச் சுவரில் அவள் முதுகு மோதுகிற சத்தம். என் வீட்டு ஆணியில் மாட்டியிருந்த சாமி படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. நான் உலக்கையால் சுவரை இடித்தேன். “எடுபட்ட பயலே, உன் கை அழுகிப் போவ!” என்றேன். அந்தப் பக்கம் அடி நின்று, வசவு தொடங்கியது. வசவு என்னைத்தான். அது பரவாயில்லை.

மறுநாள் குழாயடிக்கு உதடு வீங்கி வந்தாள். “அவரு வந்தா நா வல்லக்கா. அங்க கேக்க யாரு இருக்கா? தண்ணியப் போட்டுட்டுக் கடல்லயே அமுக்கிருவாரு.”

அவன் செய்யக்கூடியவன்தான். அவனைப் படகில் ஏற்றாமலிருக்க என்ன வழி என்று இடியப்ப மாவு பிசைந்தபடி யோசித்தேன், வழியும் கிடைத்தது. முந்தின நாளோ அன்றைக்கோ பன்றிக்கறி தின்றவர் யாரும் முகைதீன் பாய் படகில் ஏற முடியாது. படித்துறையில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்பார். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்க மாட்டார். அவுலியா இடத்துக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனால் கடல் பொங்கும் என்று எங்கள் ஆட்களுக்கும் பயம் உண்டு. யாரும் பொய் சொன்னதில்லை. ஜெயபாலனுக்கோ காட்டுப்பன்றி என்றால் உயிர்.

ரப்பர் தோட்டத்தில் இருக்கிற என் சித்தப்பா மகன் தேவதாஸ், மரவள்ளியைத் தோண்டித் தின்ன வருகிற பன்றிகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பான். அவனிடம் சொல்லிக் கறி வாங்கிவந்து, தீவுக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் சீதாவிடம் கொடுத்தேன்.

“மொளகு தூக்கலாப் போட்டு வறு. ஒரு துண்டு மிச்சமில்லாம அவனே திங்கணும். நீ மட்டும் வாயில வெச்சிடாதே, தெரியுதா?”

தலையாட்டினாள். அன்று அவன் சட்டியை வழித்துத் தின்று, விரலைச் சூப்பி, ஏப்பம் விட்டதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. தின்னுடா ராசா, நல்லாத் தின்னு என்று நான் இந்தப் பக்கம் சிரித்தேன்.

விடிந்ததும் ஆற்றுமுகத்துப் படித்துறைக்குப் போனோம். எங்கே பார்த்தாலும் புதுக்கொடி. ஜெயபாலன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவி, கள்ளுப் போத்தலைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தான். என் பிள்ளைகளும் எங்கள் வரிசை லைன் வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகப் பாயிடம் பதில் சொல்லி ஏறினார்கள். அவன் முறை வந்தது.

“தம்பி, ஹராமான கறி எதும் தொட்டீங்களா?”

“சீச்சீ, என்ன பாய்! இந்த நல்ல நாள்லயா?” என்றான். கண்கூட இமைக்கவில்லை.

அவன் பொய் சொல்வான் என்று நான் நினைக்கவே இல்லை. கட்டினவளின் காதைக் கிழித்தவன் கடலுக்குப் பயப்படுவான் என்று நம்பியிருக்கிறேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சீதா பேசினாள். அவள் நாலு பேர் முன்னால் பேசி நான் கேட்டதே இல்லை.

“நேத்து அவரு காட்டுப்பன்னி தின்னாரு பாய். நாந்தான் சமைச்சேன்.”

ஜெயபாலன் மெதுவாகத் திரும்பினான். அடுத்த நொடி அவள் கூந்தல் அவன் கையில் இருந்தது. படகு கட்டுகிற கட்டையில் அவள் முகத்தை இடித்தான். மறுபடியும் இடித்தான். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. நான் டிபன் கேரியரால் அவன் மண்டையில் போட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். முறுக்குப் பிழிகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக முறுக்கினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிற என் புருஷன் அவன் முதுகில் தாவி, தோளைக் கடித்துத் தொங்கினார். அவன் உதறிய உதறலில் ஆற்றில் போய் விழுந்தார். படகில் பிள்ளைகள் வீறிட்டன.

ஜெயபாலன் மறுபடி சீதாவிடம் போனான். அவள் எங்கள் கூடைப் பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தாள். எழுந்தபோது அவள் கையில் தேங்காய்த் துருவி இருந்தது. பலகையைப் பிடித்து, இரும்பு முனை அவன் பக்கம் வரும்படி வீசினாள். முழங்காலில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு பாசிப் படியில் உருண்டான். அவள் இறங்கிப் போய் அதே முழங்காலில் இன்னொரு தடவை போட்டாள். பிறகும் போட்டாள். ஒவ்வோர் அடிக்கும் “உப்பு! உப்பு!” என்று கத்தினாள். அவள் ஏன் அப்படிக் கத்தினாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தடுக்கவில்லை. தடுக்க மனசும் வரவில்லை.

முகைதீன் பாய்தான் இறங்கிவந்து துருவியைப் பிடித்தார். “போதும்மா. செத்துருவான். உனக்குத்தான் கேடு.”

சத்தம் கேட்டு ஒரு மாத்தா மாத்தா, போலீஸ்காரர், விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். பாய் அவரிடம் மலாயில், படி வழுக்கிவிட்டது, இந்த ஆள் விழுந்துவிட்டான் என்றார். ஜெயபாலன் வலியில் வாய் திறக்க முடியாமல் முனகினான். பொய் சொல்கிறவரைப் படகில் ஏற்றாத மனுஷன் அன்றைக்கு எல்லார் முன்னாலும் பொய் சொன்னார். இரண்டு பேர் ஜெயபாலனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினார்கள்.

“நீ ஏறும்மா. முகத்தக் கழுவிட்டு ஏறு,” என்றார் பாய் சீதாவிடம்.

எனக்குக் கை வலியிலும் சந்தோஷம் பொங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சீதா நகரவில்லை.

“என்னைய நீங்க கேக்கலியே பாய்.”

“என்னத்த?”

“அந்தக் கறில உப்பு பாத்தேன். ஒரு சொட்டு, நாக்குல வெச்சி.”

“அடிப்பாவி, வெக்காதேன்னு சொன்னேனே!” என்று கத்திவிட்டேன்.

“கொறஞ்சிட்டா அடிப்பாரேக்கா. கை தானா வாய்க்குப் போயிருச்சு.” பிறகு பாயைப் பார்த்தாள். “கடல் பொங்குனா என்ன ஆவறது, படகுல புள்ளைங்க இருக்குதுங்க. நா ஏறலங்க.”

பாய் துருவியை எங்கள் கூடையில் வைத்தார். “நான் போட்ட சட்டமா இருந்தா மாத்திருவேம்மா,” என்றார். என் பிள்ளைகளை லைன் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் ஆற்றிலிருந்து ஏறிவந்த என் புருஷனும் கரையிலேயே நின்றுகொண்டோம். படகு போனது. சீதா கை காட்டினாள், பிள்ளைகளும் காட்டின.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு, அவளுக்கு மூக்கில் தையல். ஜெயபாலன் உள்ளே கட்டிலில் கிடந்தான். கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னாராம். நனைந்த வேட்டியோடு என் புருஷன் கூடையைத் தூக்கிக்கொள்ள, கிளேபாங்குக்குப் பஸ் ஏறினோம். கடற்கரையில் தென்னை நிழல் இருந்தது. தூரத்தில் தீவும் தெரிந்தது.

சீதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். அலை வந்து காலை நனைத்தபோது பயந்து பின்வாங்கி, பிறகு முன்னால் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலுதான் போச்சு. கை அப்படியேதானேக்கா இருக்கு அவருக்கு.”

“உனக்கும் கை இருக்கு. நா பாத்தேன்,” என்றேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பசி வயிற்றைக் கிள்ளியது. அவள் கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்து, மாவுக்கட்டுக் கைக்காரி என்று எனக்கு ஊட்டிவிட்டாள். மென்றேன். சப்பென்று இருந்தது.

“என்னாடி, உப்பே இல்ல?”

அவளும் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். வீங்கிய மூக்கோடு சிரிக்க வலித்திருக்கும், இருந்தும் சிரித்தாள்.

“அவரு வர மாட்டாருன்னு நம்பித்தானேக்கா கிண்டினேன். பயமில்லாம இருந்திச்சு. உப்பு பாக்கவே மறந்துட்டேன்.”

நாங்கள் மூன்று பேரும் ஒரு பருக்கை விடாமல் தின்றோம்.