ரோஜரின் துப்பாக்கிகள்

"அப்போ அந்தக் காலத்துல இதே மாதிரி சட்டம் ஒண்ணுகூட இல்லைங்கறீங்க?" என்று கேட்டார் நீதிபதி நைபெர்க்.

அரசு வழக்கறிஞர் கோரின் தன் குறிப்புகளைப் புரட்டினாள். பின்வரிசையில் டெல்மா உட்கார்ந்திருந்தாள். கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய கணவன் ரோஜரின் துப்பாக்கிகளை ஷெரீப்பின் போலீஸ்காரர்கள் எடுத்து வைத்த பிறகுதான் பாவம் அவள் கண்ணயர்கிறாள். அப்படி எடுக்கச் சொல்லும் சட்டமே செல்லாது என்கிறான் ரோஜர். நாளை மான் வேட்டை தொடங்குகிறது, அதற்குள் கைக்கு வந்தாக வேண்டுமாம். எந்தத் துப்பாக்கிச் சட்டமானாலும் இருநூறு வருஷத்துக்கு முன் நாடு பிறந்த காலத்து வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா பார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்வதற்கென்ன, பழைய சட்டங்களைத் தோண்டித் தோண்டி நொந்துபோனவள் கோரின்தான்.

"இல்லீங்க ஐயா. மிரட்டுறவன்கிட்ட அப்போ ஒழுங்கா இருப்பேன்னு ஜாமீன் பணம் வாங்குனாங்க. கட்டிட்டா துப்பாக்கி அவன் கையிலயேதான். அதையும் நானே சொல்லிடறேன்."

அதைச் சொல்லத்தான் ரோஜரின் வக்கீல் எழுந்திருந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். டெல்மாவைத் திரும்பிப் பார்க்கக் கோரினுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் தேடவேண்டியது அச்சு அசலா அதே சட்டத்தையா, அதுக்குப் பின்னால இருந்த நியாயத்தையா?" என்று கேட்டார் நீதிபதி.

"நியாயத்தைங்க. ஆபத்தானவன்னு விசாரிச்சுத் தெரிஞ்சா, கொஞ்ச காலம் கட்டுப்படுத்தலாம். அந்தக் காலத்துக்காரங்களும் அதைத்தான் செஞ்சாங்க."

"அதை எவ்வளவு தூரம் இழுப்பீங்க? இழுத்துக்கிட்டே போனா ஒருநாள் என் துப்பாக்கியையும் தூக்கிட்டுப் போயிருவீங்களே."

கூடம் சிரித்தது. வேட்டையின் முதல் நாளைத் தவறவிட்டதே இல்லை அந்த மனுஷர். அன்றைக்கு அந்த ஊரில் பள்ளிக்கும் பூட்டு, நீதிமன்றத்துக்கும் பூட்டு.

"உங்களை ஒரு நீதிபதி விசாரிக்காம எடுக்க மாட்டோங்க" என்றாள் கோரின்.

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் யோசிக்கணும். நாளைக்குக் காலையில தீர்ப்பு."

"ஐயா, நாளைக்கு..." என்று இழுத்தார் குமாஸ்தா.

"தெரியும்யா. மான் ஓடினா ஓடட்டும்."

அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது கோரினுக்கு. தோற்றாலும் இவர் கையால் தோற்கலாம் என்று நினைத்தாள். டெல்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா என்ன?

மறுநாள் காலை ஊரே காட்டுக்குப் போயிருந்தது. நீதிமன்ற வாசலில் நீதிபதியின் பழைய வண்டி பனி மூடி நின்றது. மேலே அவர் அறையில் விளக்கு எரிந்தது. படிக்கட்டில் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு ரோஜர், மடியில் காலித் துப்பாக்கிப் பை. டெல்மா கோரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்டது. பெண்கள் இருவரும் காட்டுப் பக்கம் திரும்பினார்கள். ரோஜர் திரும்பவில்லை. அவன் டெல்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.