வக்கீல் கேட்ட மன்னிப்பு

"டொய்ங்! டொய்ங்னு ஒரு சத்தம் வேற போட்டிருக்கீங்களேடா, பாவிங்களா!"

அக்கா போட்ட சத்தத்தில், மாடியிலிருந்து துணி எடுத்து வந்த கீழ்வீட்டுக்காரி படியிலேயே நின்றுவிட்டாள். பாம்புக் காது அவளுக்கு. அவள் புண்ணியத்தில்தான் இந்தக் கதை வெளியே வந்தது.

"அந்தச் சத்தம் எடிட்டர் போட்டது அக்கா," என்றார் தம்பி.

"வசனம் யாரு போட்டது? அடுப்படியில உன்கிட்ட மட்டும் சொன்னதை, சீரியல்ல அந்த அத்தை வேஷக்காரி ஊருக்கே சொல்றா!"

தம்பி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவர். சினிமாவிலும் இருந்தார். ஒரு படத்தில் பெயர் வந்தது, படம் வரவில்லை. இன்னொன்றில் படம் வந்தது, பெயர் வரவில்லை. அதன் பிறகு, வாரம் ஆறு நாள், நாளைக்கு ஆறு சீன். நாற்பத்தைந்து வயதாகியும் அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, மூன்று வயது மூத்த அக்காவுக்கும் ஆகவில்லை.

அக்கா அடுப்படியில் சொன்னது இதுதான்: "என் கண்ணை நேருக்கு நேரா பார்த்த ஒரே ஆம்பளை அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான். அதுவும் பவர் பார்க்க."

சொல்லும்போது சிரித்தாள். குழம்பைக் கிளறும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவரோ அறைக்குப் போய் அப்படியே எழுதிவிட்டார். தொடரில் அதைக் காமெடி ஆக்கிவிட்டார்கள்.

"கடைக்காரரோட அம்மா ஒரு நாள் விடாம பார்க்கிறவங்க. இனி அவர் மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினாள். வேளாவேளைக்குச் சாப்பாடு மேஜையில் மூடியிருக்கும், ஆள் இருக்காது. அடுத்த அறையில் அவள் தையல் மிஷின் ஓடும். இருபது பேருக்குப் பேச்சு எழுதும் மனுஷர், அந்தக் கதவு வரை போவார், குழாயை மூடியாச்சா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். வெளியே போய்ப் பேச அவருக்கு யார் இருக்கிறார்கள்? புரொடக்‌ஷன் மேனேஜர் காலையில் போன் செய்து, யார் யார் ஷூட்டிங்குக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்வார். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

கடைசியில் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். தொடரில் அந்த அத்தைக்கும் ஒரு தம்பி உண்டு. அவன் அத்தையிடம் மன்னிப்புக் கேட்பதாக இரண்டு பக்கம் எழுதினார். பத்து தடவை அடித்துத் திருத்திய சீன். ஒளிபரப்பாகும் நாளில் ஹால் டிவியைச் சத்தமாக வைத்தார். அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

தம்பியாக நடிப்பவர் அந்த சீன் எடுத்த அன்றைக்கு வேறு ஷூட்டிங் போய்விட்டாராம். டைரக்டர் யோசிக்கவே இல்லை. கையில் கிடைத்த வக்கீல் வேஷக்காரரிடம் வசனத்தைக் கொடுத்துவிட்டார். கறுப்புக் கோட்டோடு வக்கீல் அத்தை முன் நின்றார்: "உங்க தம்பி சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேம்மா."

பதினொரு நாளுக்குப் பிறகு அக்கா சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"வக்கீல் வெச்சா மன்னிப்புக் கேப்ப? நான் பக்கத்து ரூம்லதானேடா இருந்தேன்."

தம்பியின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போய்விட்டது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

"எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளே கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டாள். இதற்குமேல் என்ன வெட்கம்? கடைக்காரரும் சீரியலைப் பார்த்திருந்தார். "பவர் பார்க்க மட்டும் இல்லீங்க," என்றாராம்.

மூன்றாம் மாதம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து தம்பிதான் போட்டார். அக்கா தையல் மிஷினோடு, கடைக்காரருடைய சொந்த ஊருக்குக் குடிபோனாள். அடுத்த வருஷம் கீழ்வீட்டுக்காரியின் மகளுக்கும் கல்யாணமாகி அவளும் வெளியூர் போனாள். தம்பி அதே வீட்டில்தான் இருக்கிறார். பக்கத்து ரூம் பூட்டியே கிடக்கிறது.

"பக்கத்து ரூம்லதானேடா இருந்தேன்" என்று அக்கா சொன்ன அந்த வரி சீரியலில் வரும் வரும் என்று இந்தத் தெருவே தினமும் ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறது. இதுவரை வரவில்லை.