புடலங்காய்க்கு நாலு கல்

ஜெயசித்ரா அக்காவுக்குத் திட்டுவதற்கு நாலு பேர் வேண்டும். சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் அதட்டிப் பழகிய தொண்டை அது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் திருப்பூரோடு இருந்துவிட்டான். ஓய்வு பெற்ற பிறகு டிவி சீரியல் மாமியார்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் காய்கறித் தோட்டம் வந்ததும் சீரியல் மாமியார்கள் பிழைத்தார்கள். நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அரியலூரில் எங்கள் தெருக்கோடியில் குருநாதன் சாருக்கு ஒரு காலி மனை உண்டு. அவர் இருப்பது பெரம்பலூரில். சீமைக்கருவேலும் குப்பையுமாகக் கிடந்த மனையை, அக்காதான் பஸ் ஏறிப் போய் நச்சரித்துக் கேட்டு வாங்கினாள். "இந்தக் கோடைக்கு மட்டும் போட்டுக்குங்க. சித்திரையில வந்து பாக்குறேன். வெச்சிருக்குற லட்சணத்தப் பாத்துட்டு மேக்கொண்டு பேசுவோம். சிமெண்ட் லாரி நிறுத்த எடம் கேட்டு ஒருத்தரு நடையா நடக்குறாரு" என்று சொல்லியனுப்பினார்.

கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை, நடுவில் ஒரு புடலைப் பந்தல். தினம் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். யார் முறையானாலும் அக்கா வந்து நிற்பாள். "ஏண்டி ராசாத்தி, செடிக்கு ஊத்துறியா, இல்ல வாசத் தெளிக்கிறியா?" தையல் கடை ராசாத்திக்குத்தான் பூசை அதிகம். அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு குடம் ஊற்றுவாள்.

பங்குனி முடியும்போது பந்தல் முழுக்கப் பிஞ்சு. புடலங்காய் வளையாமல் நேராக நீள, நுனியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகக் குருநாதன் சார் போன் செய்தார். அன்று விடிந்ததும் போய்ப் பார்த்தோம். பந்தலின் ஒரு பக்கக் கால்கள் இரண்டும் முறிந்து, கொடியும் காயுமாகச் சரிந்து, கத்தரிப் பாத்தியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை.

"எவன் மாட்ட உள்ள வுட்டது?" என்று கத்திக்கொண்டே வந்த அக்கா, ஒரு காயைத் தூக்கிப் பார்த்தாள். அதில் ஒரு கல் இல்லை, நாலு கல். சணல் கயிற்றில் ஒன்று, பாலிஸ்டர் துணி விளிம்பில் ஒன்று, செல்போன் சார்ஜர் வயரில் ஒன்று. அடுத்த காயிலும் அப்படியே.

"சணலு யாரு?"

ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் நடராசன் தலையைச் சொறிந்தார். "சாரு வர்றப்ப காய் கோணலா இருக்கக் கூடாதேன்னு என் முறையில ஒண்ணு சேத்துக் கட்டுனேம்மா."

துணி விளிம்பு ராசாத்தியுடையது. வயர், செல்போன் கடை மகேஷுடையது. ஒருவருக்கொருவர் சொல்லாமலே எல்லோரும் அதே காரியத்தைச் செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சுற்று கட்டியதில் ஒரு மூட்டைக் கல்லுக்கு மேல் பந்தலில் தொங்கியிருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடிப் புடலங்காயை இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

"உங்க மூணு பேரையும்..." என்று ஆரம்பித்த அக்கா, நாலாவது கல்லைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அது ஒரு நீலச் சுங்குடிச் சேலைக் கிழிசலில் தொங்கியது. அந்தச் சேலை யாருடையது என்று தெருவுக்கே தெரியும். மகேஷ் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

"சிரிச்சது போதும், தூக்குங்கடா" என்றாள் அக்கா. குரலில் சுருதி இல்லை.

கல்லையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு, பந்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். நடராசன் புதுச் சவுக்குக் கால்களுக்குக் குழி தோண்டினார். பிடிக்க ஒரு ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டையும் கையில் பையுமாக ஒருவர் வந்து நின்றார்.

"பாத்துட்டு நிக்கிறீங்களே, அந்த மூலையப் புடிங்க! கொடி அந்துரப் போவுது!" என்று கத்தினாள் ராசாத்தி. அவள் குருநாதன் சாரைப் பார்த்ததே இல்லை.

அவர் பையைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நீளப் புடலங்காய் தொங்கியது. ராசாத்திக்கு மகேஷ் காதோடு விஷயத்தைச் சொல்ல, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன ஜெயசித்ரா, இதுதான் லட்சணமா?" என்றார் குருநாதன் சார்.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். மாட்டின் மீது பழியைப் போட்டிருக்கலாம். அவள் சொன்னது வேறு. "கல்லு அதிகமாக் கட்டிட்டோம் சார். நானுந்தான். நீங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லணும்னு ஆளாளுக்குக் கட்டிட்டோம். எடத்த வாங்கிராதீங்க சார். இது இல்லேன்னா வூட்டுல எனக்குப் பேச ஆளு கெடையாது. வெளக்கு வெச்சா நானும் செவுருந்தான்."

இவ்வளவு நாள் திட்டு வாங்கிய எங்களுக்கே இது தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

குருநாதன் சார் சட்டைப் பையில் போன் அடித்தது. கையை எடுத்தால் பந்தல் சரியும், எடுக்காமல் விட்டுவிட்டார். இலை நிழல் முகத்தில் ஆட, பாத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெண்டைப் பூ, கீரைத் தண்டு, பிஞ்சுக் கத்தரி. போன் ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

"லாரிக்காரராத்தான் இருக்கும்" என்றார். "பத்து மணிக்கு எடம் பாக்க வரேன்னாரு."

நடராசன் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க மிதிங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றார் குருநாதன் சார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையும் பந்தலில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. "அவரை போடலாம் சார்" என்றாள். "அவரையும், ஓரத்துல கொஞ்சம் பீர்க்கையும்."

ராசாத்தி ஒரு கையால் பந்தலைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தன் முந்தானையை எடுத்து அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.